தைப்பூசத் திருநாள் கண்ட வரலாறு

தைத் திங்களில் பூச நட்சத்திரம் கூடும் நன்னாளே தைப்பூசம். ஆங்கில நாட்காட்டியில் இதற்கு நிலையான தேதி கிடையாது. ஓராண்டு ஜனவரியில் வரும், மற்றோராண்டு பிப்ரவரியில் வரும். ஆகவே தேதியைக் கொண்டு வரலாறு தேடுவோருக்கு இந்நாளின் பெருமை சிதறியே தென்படும். நட்சத்திரத்தைக் கொண்டு நோக்குவோருக்கோ எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும்.

ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தப் பெருமான் தமது மயிலாப்பூர்ப் பதிகத்தில் இவ்விழாவைக் குறித்துள்ளார். வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகளார் எழுப்பிய சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நிகழ்ந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. ஏழு திரைகளை நீக்கிக் காட்டப்பெறும் சோதி தரிசனம் இன்றும் அந்நாளிலேயே அங்கு சிறப்புற நடைபெறுகிறது. ஈராண்டுகள் கழிந்து, 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, மீண்டும் ஒரு பூச நன்னாளில், மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் அடிகளார் திருஅறையினுள் புகுந்து சோதியில் கலந்தார் என்பது அன்பர்தம் நம்பிக்கை.

அக்காலத்தில் மலாயாவிலும் இறைபணி வேரூன்றிக் கொண்டிருந்தது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை 1873-இல் தோற்றுவித்த கா. தம்புசாமிப் பிள்ளை, பத்துமலைக் குகை வாயில் வேலின் வடிவாய்த் தோன்றக் கண்டு, 1891-இல் அங்கு முருகப்பெருமான் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். 1892 முதல் அங்கு தைப்பூசம் கொண்டாடப்பெற்று வருகிறது. இன்று 272 படிகள் உள்ள அம்மலைக்கு அந்நாளில் ஏறியோர் பட்ட சிரமத்தை இக்கால இளைஞர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்களுக்கு ஒரு நாள் வேலையை விடுவதென்பது ஒரு நாள் கூலியை விடுவதாகும். ஆயினும் நேர்த்திக்கடனை எவரும் தள்ளி வைத்ததில்லை.

விடுமுறை பற்றியும் ஒரு செய்தி உண்டு. வெள்ளி ரதம் புறப்படுவது கோலாலம்பூரில். சென்று சேர்வது சிலாங்கூரில். தொலைவு சுமார் 15 கிலோமீட்டர்தான். சேருமிடத்தில் பொது விடுமுறை, புறப்படுமிடத்தில் வேலை நாள் என்ற விந்தை நெடுங்காலம் நீடித்தது. 2008 ஜனவரியில் அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவிற்கும் தைப்பூச விடுமுறையை அறிவித்த பின்னரே அக்குறை நீங்கியது.

அதன்பின் வந்த சோதனை 2021-ஆம் ஆண்டினுடையது. பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த வேளை. ஜனவரி 28, தைப்பூசம். வெள்ளி ரதம் மட்டும் பக்தர் திரளின்றிப் பத்துமலை சென்றது. காவடி இல்லை, பால்குடம் இல்லை. வேண்டுதல் முடித்த குடும்பங்கள் வீட்டுப் பூசையறையிலேயே பால் நிவேதித்து முருகனை வணங்கின. அடுத்த ஆண்டு பால்குடத்திற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 2023 பிப்ரவரி 5 அன்றுதான் காவடிகள் மீண்டும் முழு அளவில் படியேறின.