விழித்ததும் வேண்டும் விதை

ஒரே நிலையில் தொடங்கினால் கணினி ஒரே விடையைத்தான் தரும். ஆனால் மறையாக்கச் சாவிகளுக்கோ யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். இதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், விசைகள் அழுத்தப்படும் நேரம், வட்டு பதில் தரும் நேரம் போன்றவற்றின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் திரட்டி ஒரு விதையாக்குகிறது. ஊகிக்க முடியாத 256 பிட் விதை கிடைத்துவிட்டால் அதிலிருந்து வேண்டிய மட்டும் எண்களைப் பெருக்கிக்கொள்ளலாம்.

ஆபத்து முதல் சில விநாடிகளில்தான். விசைப்பலகையோ சுழலும் வட்டோ இல்லாத ரவுட்டரில் திரட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் முதன்முதலாக மின்சாரம் வந்ததும் அந்தப் பெட்டி செய்யும் வேலைகளில் ஒன்று, தனக்கான சாவியை உருவாக்குவது.

இதன் விளைவை 2012இல் நாடியா ஹெனிங்கரும் சக ஆய்வாளர்களும் இணையம் முழுவதும் சாவிகளைத் திரட்டிக் காட்டினார்கள். ஆர்எஸ்ஏ பொதுச்சாவியின் உயிர் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன். ஒரே விதையில் தொடங்கிய இரு பெட்டிகள் முதல் பகா எண்ணை ஒன்றாகவே தேர்ந்தன. அதற்குள் ஒன்றின் கடிகாரம் நகர்ந்துவிட, இரண்டாம் எண் மட்டும் வேறானது. பெருக்கற்பலன்கள் பார்வைக்கு வெவ்வேறு. ஆனால் இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டால், ஒளிந்திருந்த பகா எண் கையில் வந்துவிடும். இரண்டு சாவிகளும் ஒருசேர உடையும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய யூக்ளிடின் வழிமுறையே இதற்குப் போதும். டிஎல்எஸ் சேவையகங்களில் 0.5 சதவீதத்தின் அந்தரங்கச் சாவிகள் இப்படி வெளிவந்தன.

லினக்ஸ் 2014இல் கெட்ரேண்டம் என்ற அழைப்பைக் கொண்டுவந்தது. விதை சேரும்வரை அது கேட்பவரைக் காக்க வைக்கும். 2019இல் வட்டு வேலையைக் குறைத்த ஒரு நல்ல திருத்தத்தால் திரட்டுவதற்குச் சலனம் போதாமல், சில கணினிகள் தொடங்கும்போது பாதி வழியிலேயே நின்றன. அதன்பின் செயலியின் வேக ஏற்ற இறக்கத்திலிருந்தே விதை எடுக்கும் வழி சேர்க்கப்பட்டது.

எனக்கு ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் வழிதான் சிறந்ததாகப் படுகிறது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, முந்தைய ஓட்டத்தில் சேமித்த விதையை, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரே அதனிடம் கொடுத்துவிடுகிறது. கெர்னலின் முதல் அடியிலேயே விதை தயார். இயங்கத் தொடங்கியதும் பழைய விதையின் இடத்தில் புதியது எழுதப்படுகிறது. ஒரு விதையை இருமுறை பயன்படுத்தக் கூடாது.

மெய்நிகர் கணினிகளை நகலெடுத்துப் பெருக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிமம் எடுப்பதற்கு முன் அதிலுள்ள விதைக் கோப்பையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் அழித்துவிடுங்கள்.