ஷாக் போச்சுனு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுங்க

நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளோட பின்பக்க ஷாக் அப்சார்பரைக் குனிஞ்சு பாருங்க. ஸ்பிரிங்குக்கு அடியில படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு வளையம் இருக்கும். ஷோரூம்ல இருந்து வந்த அன்னைக்கு எந்தப் படியில இருந்துச்சோ, பெரும்பாலும் வண்டியை விக்கிற வரைக்கும் அதே படிதான். ஆனா வண்டி சுமக்குற எடை தினமும் மாறுது. காலையில 55 கிலோ ஆள் தனியா வர்றார். சாயங்காலம் பின்னாடி ஒரு நண்பர். ஞாயித்துக்கிழமை கேஸ் சிலிண்டர், 14.2 கிலோ கேஸோட இரும்பையும் சேத்தா கிட்டத்தட்ட 30 கிலோ. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏத்திட்டுப் போற வண்டிகளைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் ஒருநாள் "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது"னு ஒர்க்‌ஷாப் போவோம். "ஷாக் போச்சு தம்பி, ஜோடியா மாத்திடலாம்"னு பதில் வரும். சில நேரம் அது உண்மையாவும் இருக்கும். ஆனா அதை நாமளே சோதிச்சுப் பாக்க முடியும். ஒரு டேப், ஒரு நண்பர், பத்து நிமிஷம் போதும்.

ஸ்பிரிங் வேற, ஆயில் வேற

ஷாக் அப்சார்பர்ல ரெண்டு பேர் வேலை செய்றாங்க. ஸ்பிரிங் எடையைத் தாங்குது, பள்ளத்துல வாங்கின ஆற்றலைச் சேமிச்சுத் திருப்பிக் குடுக்குது. உள்ள இருக்கிற ஆயில் சின்ன ஓட்டைகள் வழியா நெருக்கிப் போறதால அந்த ஆற்றலை வெப்பமா மாத்தி, ஆட்டத்தை நிறுத்துது. இதுதான் டாம்பிங். ஸ்பிரிங் மட்டும் இருந்தா வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கும். சக்கரம் தரையை விட்டு எழும்புற அந்த நொடியில பிரேக்கும் பிடிக்காது, வளைவுல வண்டியும் திரும்பாது. அதனால சஸ்பென்ஷன்ங்கிறது முதுகுவலி விஷயம் மட்டும் இல்ல.

படியை ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகுமா?

ஆகாது. இதுல மெக்கானிக்கல் பசங்களே குழம்புவாங்க. ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 10 நியூட்டன் வேணும்னு வைங்க. படி வளையம் அதை முன்கூட்டியே 20 மி.மீ. அமுக்கி வச்சிருக்கு. 600 நியூட்டன் எடை வந்தா மொத்தம் 60 மி.மீ. அமுங்கணும்; 20 ஏற்கெனவே அமுங்கியாச்சு, அதனால வண்டி 40 மி.மீ. இறங்கும். படியை ஏத்தி முன்அமுக்கத்தை 30 ஆக்கினா வண்டி 30 மி.மீ.தான் இறங்கும். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 10 நியூட்டன்தான். ஆக மாறினது வண்டி உக்கார்ற உயரம் மட்டும்தான். இதுக்குப் பேர் ப்ரீலோட்.

அந்த இறக்கத்துக்குப் பேர் சாக். அது வீண் இல்ல. மேட்டுல சக்கரம் மேல போக இடம் வேணும்ங்கிற மாதிரி, பள்ளத்துல சக்கரம் கீழ இறங்கித் தரையைத் தொடவும் இடம் வேணும். சாக் அதிகமா இருந்தா மேட்டுல "டொக்"னு அடி வாங்கும். குறைவா இருந்தா பள்ளத்துல சக்கரம் அந்தரத்துல தொங்கும். ஒல்லியான ஆள் கடைசிப் படியில வச்சு ஓட்டினா தூக்கிப் போடுறது இதனாலதான்.

அளக்கிற முறை

முதல்ல டயர்ல காத்து சரியானு பாருங்க. அது சரியில்லைன்னா மத்த அளவுக்கு அர்த்தம் இல்ல. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தொங்கும்போது ஆக்சில் நட்டுல இருந்து நேர் மேல சீட் பக்கத்துல ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்து, ஒருத்தர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, நீங்க வழக்கமா எடுத்துட்டுப் போற பையோட ஏறி உக்காருங்க. ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டு, அதே ரெண்டு புள்ளியை அவரையே அளக்கச் சொல்லுங்க. வித்தியாசம்தான் சாக்.

சக்கரம் மொத்தமா ஏறி இறங்குற தூரத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் சாக் இருந்தா நல்லது. உதாரணமா 90 மி.மீ. தூரம்னா 22ல இருந்து 30 மி.மீ. வரைக்கும். கூட இருந்தா படியை ஏத்துங்க, குறைஞ்சா இறக்குங்க. டூல் கிட்ல வர்ற கொக்கி ஸ்பேனர் இதுக்குத்தான். ஒவ்வொரு படியா மாத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கணும். கடைசிப் படியிலயும் சாக் அடங்கலைன்னா, ஒண்ணு ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, இல்ல எடை அதிகம்.

படிக்கு அடங்காத கோளாறுகள்

* பின் சீட்டை நல்லா அமுக்கி விடுங்க. மேல வந்து ஒரு தடவையில நிக்கணும். ரெண்டு மூணு தடவை ஆடினா டாம்பிங் போச்சு. சீல் பண்ணின ஷாக்னா இங்கதான் "மாத்தணும்"ங்கிறது நியாயம்.
* சென்டர் ஸ்டாண்டுல பின் சக்கரத்தைப் பிடிச்சு இடவலமா ஆட்டுங்க. லொடலொடன்னா ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேஞ்சிருக்கு. புது ஷாக் போட்டாலும் இது தீராது.
* முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது ஹேண்டில் கழுத்துல "டக்"னு கேட்டா கோன் செட் லூஸ்.
* முன் ஃபோர்க் குழாய்ல ஆயில் வளையம் தெரிஞ்சா சீல் கசியுது. இதைத் தள்ளிப் போடாதீங்க. அந்த ஆயில் டிஸ்க்லயோ பேட்லயோ இறங்கினா பிரேக் பிடிக்காது. சீல் மாத்துறதுக்கு முன்னாடி குழாயை நகத்தால தடவிப் பாருங்க. துருப் புள்ளி தட்டுப்பட்டா புது சீலையும் அது கிழிச்சிடும். நம்ம ஊர் செம்மண் புழுதி சீல் உதட்டுல சேராம அடிக்கடி துடைச்சு விடுங்க.
* ஃபோர்க் கெட்டியாகட்டும்னு ஆயிலை அளவுக்கு மேல ஊத்தச் சொல்லாதீங்க. உள்ள காத்துக்கு இடம் குறைஞ்சு, அழுத்தம் ஏறி, சீல்தான் போகும். ரெண்டு காலுலயும் ஒரே அளவு, மேனுவல்ல சொன்ன கிரேடு.

எந்த செட்டிங்கும் காப்பாத்தாத ஒண்ணு

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வட்டமான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம், 25 கி.மீ. வேகத்துல தாண்டுறதுக்காக வடிவமைச்சது. அவ்வளவு நீளத்துல முழு வண்டியும் மெதுவா ஏறி இறங்கும். தெருக்கள்ல நாமளே சிமெண்ட்ல போட்டுக்கிற ஒரு அடி அகலத் தடையில சக்கரம் மட்டும் உதை வாங்குது. அங்க 40ல போனா எந்தப் படியும் உதவாது. வேகத்தைக் குறைக்கிறது ஒண்ணுதான் வழி.

ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க. முன்னாடி எந்தப் படி, எவ்வளவு சாக், இப்ப எவ்வளவுனு ஃபோன்ல குறிச்சு வைங்க. அடுத்த தடவை ஒர்க்‌ஷாப் போகும்போது "ஷாக்கை மாத்துங்க அண்ணே"னு ஆரம்பிக்காதீங்க. "நாலாவது படியில 35 மி.மீ. இறங்குது, அமுக்கி விட்டா மூணு தடவை ஆடுது"னு சொல்லுங்க. எதை மாத்தணும், எதை விட்டுடலாம்னு அவரும் சரியாச் சொல்லுவார்.