தேவாங்குக்கு அந்தக் கண் எதற்கு?



ஒல்லியான பிள்ளையைக் கண்டால் "தேவாங்கு மாதிரி இருக்கானே" என்று சொல்லிவிடுகிறோம். சொல்கிறவர்களில் தேவாங்கை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? நத்தம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வேலி வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், "சார், இங்கிட்டு வாங்க, குரங்குக் குட்டியா என்னான்னு தெரியல" என்று கூப்பிட்டார். கிளுவை வேலிக்குள் பந்து மாதிரி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது தேவாங்கு.

எடை ஏறக்குறைய கால் கிலோதான். வால் கிடையாது. முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். பார்க்க விகாரம் என்கிறோம்; அதன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. பகலெல்லாம் தூங்கி, இருட்டினபிறகு இரை தேடுகிற பிராணி அது. கண் பெரிசாக இருந்தால்தானே கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்க முடியும்? கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம், வந்த வெளிச்சத்தை மறுபடி திருப்பிக் கொடுக்கும். டார்ச் அடித்தால் சிவப்பாக மின்னுவது அதனால்தான். பேய் பிசாசு ஒன்றுமில்லை. இரண்டு கண்ணும் முன்பக்கமே பார்ப்பதால் பூச்சி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்காகத் தெரியும்.

கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரல் கட்டையாக, பெருவிரல் நன்றாக விலகி, குறடு மாதிரி கொம்பைக் கவ்வும். மணிக்கணக்கில் பிடித்திருந்தாலும் சோர்வதில்லை. இலை அசையாமல் மெல்ல மெல்ல நகர்ந்து, கிட்டே போனதும் கையை வெடுக்கென்று நீட்டிப் பிடித்துவிடும். எறும்பு, வண்டு, நாற்றமடிக்கும் பூச்சிகூட அதற்கு ஆகாரம். வயலுக்குள் இறங்கி நம் பூச்சியெல்லாம் தின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. வரப்போர மரத்திலும் வேலியிலும் அதன் வேலை ராத்திரிதோறும் நடக்கிறது, கூலி கேட்காமல்.

ஆனால் அதற்குத் தாவத் தெரியாது. கொம்புக்குக் கொம்பு தொட்டபடி இருந்தால்தான் போகும். நாம் உயிர்வேலியை அழித்துக் கம்பிவேலி போட்டால் தரையில் இறங்கித்தான் ஆகவேண்டும். அங்கே நாய், ரோட்டில் லாரி. வேலியை வெட்டிப் பகலில் தீ வைத்தால் தூங்கினபடியே கருகிப்போகும். இது போதாதென்று மருந்துக்கும் ஜோசியத்துக்கும் பிடிக்கிறவர்கள் வேறு. அந்தக் கண்ணில் எந்த மருந்தும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பிடித்தாலும் வளர்த்தாலும் ஜெயில்தான்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. அந்த எல்லைக்கு வெளியே, நம் தோட்டத்து வேலியிலும் தேவாங்கு இருக்கிறதே, அதற்கு நாம்தான் காவல்.

வேலி திருத்துகிறவர்கள் ஒரே மூச்சில் வெட்டாமல் பக்கம் பக்கமாக வெட்டுங்கள். மரத்துக்கு மரம் கொப்பு தொடுகிற இடத்தை விட்டுவையுங்கள். தீ வைக்குமுன் புதரைக் கம்பால் தட்டிப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிப்போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நத்தத்துப் பெரியவர் அன்றைக்கு அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "கெழக்குப் பக்கத்த வெட்டிக்கிறேன் சார், இது தூங்கட்டும்" என்றார்.