வரி மட்டும் சாட்சி ஆகாது: இணையத்தில் சேகரிப்புக் கத்தி வாங்குவோர் கவனத்துக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் வட்டாரத்தில் உள்ள மேல்சிறுவள்ளூர், ஒரு காலத்தில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், எஃகு காய்ச்சிய ஊர். அந்தத் தொழிலின் எச்சமாக அங்கே கிடந்த மூசைச் சில்லுகளை உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து, 1994-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நெல் உமி கலந்த களிமண்ணால் மூசை செய்து, அதற்குள் இரும்புத் துண்டுகளையும் மரக்குச்சி, இலை போன்ற கரிப்பொருளையும் இட்டு, வாயை மூடிப் பல மணி நேரம் உலையில் காய்ச்சுவது தென்னிந்திய முறை. இப்படிக் கிடைத்த எஃகைத்தான் ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றனர். 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். 19-ஆம் நூற்றாண்டில் தொழில் நலிந்தது.

தொழில் நலிந்தாலும் பெயருக்கு மவுசு குறையவில்லை. ‘ஊட்ஸ்’, ‘டமாஸ்கஸ்’ என்ற பெயர்களில் இணையத்தில் ஏராளமான கத்திகள் விலைக்கு வருகின்றன. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, அசல் மூசை எஃகு. இன்றும் உலகில் ஒரு சில கொல்லர்கள் இதைச் செய்கிறார்கள். இரண்டாவது, இரு வகை எஃகுத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டிய அடுக்கு எஃகு. இது நேர்மையான கைவேலைதான். ஊட்ஸ் என்று சொல்லி விற்றால்தான் மோசடி. மூன்றாவது, சாதாரண எஃகின் மேல் லேசராலோ அமிலத்தாலோ அசலில் உள்ளது போன்ற வரி பதித்தது. இது வெறும் படம்.

மூன்றையும் பிரித்தறிய, கத்தியின் முதுகைப் பார்க்க வேண்டும். மூசை எஃகில் கரி 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கரி இரும்போடு சேர்ந்து உண்டாகும் நுண்ணிய கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்பதால்தான் வரி தோன்றுகிறது. அது நீரோட்டம் போல மெல்லியதாக, ஒழுங்கற்று ஓடும். ஓரிடத்தில் உள்ளது போல மற்றோரிடத்தில் இருக்காது. அடுக்கு எஃகில் கோடுகள் தடித்திருக்கும். முதுகில் அடுக்கடுக்காகத் தெரியும். பதித்த வரியோ பக்கவாட்டோடு நின்றுவிடும். முதுகு மொட்டையாக இருக்கும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தாலும், இரு பக்கமும் அச்சு மாறாமல் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எல்லா வரியும் மங்கும். அசலில் ஃபெரிக் குளோரைடு கரைசல் தடவினால் மீண்டும் எழும், பதித்ததில் எழாது. இந்தச் சோதனையை விற்பவரோ தேர்ந்த கொல்லரோ செய்வதே முறை. பழம்பொருளில் கை வைக்கவே கூடாது.

‘துருப்பிடிக்காத ஊட்ஸ்’ என்ற விளம்பரத்தை உடனே ஒதுக்கிவிடலாம். துருவைத் தடுப்பது குரோமியம். பழைய மூசை எஃகில் துருவைத் தடுக்கும் அளவுக்கு அது கிடையாது. காந்தம் ஒட்டுவதும் ஒன்றையும் நிரூபிக்காது. எந்தச் சாதாரண எஃகிலும் காந்தம் ஒட்டும்.

புதுக் கத்தியைப் பழசாக்கி விற்பது இன்னொரு வித்தை. கட்டாரி, பிச்சுவா போன்ற குத்துவாள்களை அமிலத்தில் ஊறவைத்து, துரு ஏற்றி, ‘அரண்மனைப் பொருள்’ என்று விற்பார்கள். செயற்கைத் துரு ஆரஞ்சு நிறத்தில் எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். உண்மையான பழமை கருத்த பழுப்பு நிறம்; கை படும் இடத்தில் தேய்ந்தும், மூலைமுடுக்கில் திட்டாகவும் இருக்கும். கூட்டல்குறி வெட்டு உள்ள திருகு, மின்பற்றவைப்பின் மணிகள், கிரைண்டர் கீறல் ஆகியவை தென்பட்டால் அது அண்மைக்கால வேலை அல்லது பழுதுபார்ப்பு. பிடியில் பொன் வேலை இருந்தால், கீறிய எஃகின் மேல் தங்கக் கம்பி அடித்துப் பதித்ததா, வெறும் முலாமா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

அசலைப் பார்த்துப் பழகியவர் கண்ணுக்குப் போலி எளிதில் படும். தஞ்சை அரண்மனையில் இருந்த ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள் அலகுகளையே வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே அந்நிய அலகு என்பதாலேயே ஒரு கட்டாரியைப் போலி என்று தள்ளிவிடவும் முடியாது.

பணம் அனுப்பும் முன் சில படங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: முதுகு, முனை, அலகு பிடியில் சேரும் இடம், அன்றைய தேதி எழுதிய தாளோடு முழுக் கத்தி. படத்தை இணையத்தில் தேடினால் அருங்காட்சியகத்திலிருந்தோ வேறு கடையிலிருந்தோ எடுத்ததா என்பது தெரிந்துவிடும். புதிய ஊட்ஸ் என்றால் செய்த கொல்லர் யார், எஃகுக் கட்டியின் படம் உண்டா என்று கேட்கலாம். பழசு என்றால் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்துக்குள் வரும். அதை வணிகமாக விற்க உரிமம் தேவை. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. யானைத்தந்தப் பிடி போட்ட கத்தியை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வீடு, விவசாயம், தொழில் பயன்பாட்டுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தின் படம், உரையாடல், ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். போலி என்று தெரிந்தால் முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் தர வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். அங்கே பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் தம் ஊர் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் ரசீது தராதவரிடம் வாங்கிய கத்திக்கு எந்த ஆணையத்திலும் வழக்காடுவது கடினம். அவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.