ஊர் ஊராய்ப் போதித்த வெள்ளை அங்கித் துறவிகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும் மூணாறு, வண்டிப்பெரியாறு மலைத்தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பாதிரியார் என்றால் பங்குச் சாமியார்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் இருந்து கவனிப்பவர் அவர். ஆனால் ஓர் ஊரோடு தங்கிவிடாமல், போதிப்பதையே தங்கள் பணியாகக் கொண்ட துறவிகளும் உண்டு. 'போதகர் சபை' என்பது அவர்கள் சபையின் பெயர். சபையை நிறுவிய புனித தொமினிக்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்பர். லத்தீனில் 'தோமினுஸ்' என்றால் ஆண்டவர். அதிலிருந்து வந்த பெயர் இது.

ஸ்பெயின் நாட்டில் 1170-ஐ ஒட்டிப் பிறந்தவர் சாமிநாதர். மாணவராக இருந்தபோது பஞ்சம் வந்தது. தம் தோல் ஏட்டுப் புத்தகங்களை விற்று ஏழைகளுக்குச் சோறிட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவர் தொடங்கிய சபைக்கு 1216 டிசம்பர் 22-ல் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியுஸ் ஒப்புதல் அளித்தார். மறு ஆண்டே, விரல்விட்டு எண்ணக்கூடிய தம் சீடர்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார். 1221 ஆகஸ்டு 6-ல் அவர் காலமானார்.

கொல்லத்தின் முதல் பிஷப்

இந்தச் சபைக்கும் கேரளத்துக்கும் உள்ள உறவு எழுநூறு ஆண்டுப் பழமையானது. பிரெஞ்சு நாட்டவரான ஜோர்தான் என்ற சாமிநாதர் சபைத் துறவி, பிரான்சிஸ்கன் துறவிகள் நால்வருடன் 1321-ல் மும்பைக்கு அருகிலுள்ள தாணாவுக்கு வந்தார். அவர் வேறு ஊருக்குப் போயிருந்த சமயத்தில் நால்வரும் கொல்லப்பட்டனர். திரும்பி வந்த ஜோர்தான் தோழர்களின் உடல்களை எடுத்துச் சென்று சோபாராவில் அடக்கம் செய்தார். அதன் பின் தனியாளாகவே பணியைத் தொடர்ந்தார். துறவிகள் வந்தால் நல்ல பலன் கிடைக்கும் என்று அந்த ஆண்டே எழுதிய கடிதத்தில் அவர் குறித்த மூன்று இடங்களில் கொல்லமும் ஒன்று.

1329-ல் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான், கொல்லத்தை ஒரு மறைமாவட்டமாக்கி ஜோர்தானையே பிஷப்பாக நியமித்தார். இந்தியாவின் முதல் லத்தீன் மறைமாவட்டம் அதுவே.

ஜோர்தான் எழுதிய லத்தீன் நூலில் நம் மலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் பல உள்ளன. மிளகு மரத்தில் ஏறும் கொடியின் காய் என்றும், முதலில் பச்சையாக இருந்து பின்பு கறுத்துச் சுருங்கும் என்றும் சரியாகவே எழுதினார். நெருப்பில் வாட்டுவதால்தான் மிளகு கறுக்கிறது என்று ஐரோப்பாவில் சிலர் கூறியதைப் பொய் என்று மறுத்தார். ஒரு பலாப்பழம் ஐந்து பேருக்குப் போதும் என்றும் வியந்தார். வந்த நாட்டைக் கண்ணால் பார்த்து எழுதியவர் அவர்.

பின்னர் 1557-ல் கொச்சி மறைமாவட்டம் ஏற்பட்டபோதும் முதல் பிஷப்பாக வந்தவர் இதே சபையைச் சேர்ந்த ஜோர்ஜ் தெமூதோ. முத்துக்குளித் துறையும் மயிலாப்பூரும் அன்று கொச்சியின் கீழ் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

முதலாளிகள் முன் ஒரு பிரசங்கம்

இச்சபையின் வரலாற்றில் நிழலும் உண்டு. மத விரோதிகளை விசாரிக்கும் 'இன்குவிசிஷன்' மன்றங்களில் 13-ம் நூற்றாண்டு முதல் இவர்களில் பலர் நீதிபதிகளாக இருந்தனர். அந்த மன்றங்களால் துன்புற்றோர் பலர்.

ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் அறிய வேண்டிய வேறொரு சம்பவமும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தை அடுத்த ஹிஸ்பானியோலா தீவில் ஸ்பானியர்கள் பூர்வ குடிகளைச் சுரங்கத்திலும் வயலிலும் சாகும்வரை வேலை வாங்கினார்கள். 1511 டிசம்பரில் ஒரு ஞாயிறன்று அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற துறவி பிரசங்க மேடை ஏறினார். ஆளுநரும் பண்ணை முதலாளிகளும் எதிரே அமர்ந்திருந்தனர். இம்மக்களும் மனிதர்கள்தானே, எந்த உரிமையில் இவர்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். அது அவர் ஒருவரின் பேச்சு அல்ல. மடத்தார் அனைவரும் கலந்து எழுதிய பிரசங்கம். வாபஸ் வாங்கும்படி மிரட்டினார்கள். அடுத்த ஞாயிறு அதையே மீண்டும் சொன்னார். மறு ஆண்டில் ஸ்பெயின் அரசு பர்கோஸ் சட்டங்களை இயற்ற நேர்ந்தது. சட்டம் வந்தும் கொடுமை நிற்கவில்லை. ஆயினும் முதலாளிகளின் காணிக்கையில் வாழும் கோயிலிலிருந்தே தொழிலாளிக்காகக் குரல் எழ முடியும் என்பது அன்று தெரிந்தது.

பயிற்சி எப்படி?

சேர விரும்பும் இளைஞர் முதலில் சில காலம் மடத்தில் தங்கிப் பார்க்கிறார். பிறகு ஓராண்டு நவசந்நியாசம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு. தத்துவமும் இறையியலும் படிப்பு. பல ஆண்டுகளுக்குப் பிறகே ஆயுள் முழுவதற்குமான வார்த்தைப்பாடு. தற்காலிகக் காலம் முடியும்போது விலகிப் போவதில் குற்றமில்லை. குருப்பட்டம் பெறாமல் சகோதரராகவே இருப்போரும் உண்டு. மடத்தின் தலைவரை மடத்தாரே வாக்களித்து மூன்றாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாகபுரியில் உள்ள புனித சார்லஸ் குருமடம் இச்சபையினர் நடத்துவது. 1997-ல் இந்தியா தனி மாகாணமாயிற்று.

வீட்டாருக்குத்தான் பெரிய சோதனை. தேயிலை கிள்ளியும் மில்லில் உழைத்தும் படிக்க வைத்த மகன் நாளை மாதாமாதம் பணம் அனுப்புவான் என்றுதான் பெற்றோர் எண்ணுவர். துறவியின் வருமானமோ பொதுப் பையில் சேரும், அவருக்கென்று சொத்தில்லை. அந்தக் கேள்விக்கு விடை சபையின் சட்டத்தில் இல்லை. குடும்பம் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லைப்புறத்தில்

மூணாறு மாதா கோயிலை 1898-ல் தொடங்கியவர்கள் இன்னொரு துறவு சபையினரான ஸ்பானியக் கார்மெல் சபையார். 1930-ல் அமைந்த விஜயபுரம் மறைமாவட்டத்தின் முதல் பிஷப்பும் அச்சபையினரே. பாலக்காட்டுக்கு 2013-ல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியாக வந்தது. அதற்குமுன் அப்பகுதியின் பல பங்குகள் கோவையைச் சேர்ந்திருந்தன. இவ்விரு பகுதிகளிலும் தமிழில் பூசை கேட்கும் மக்கள் இன்றும் உள்ளனர்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பூசை லத்தீனில் நடந்தது. ஆனால் பிரசங்கம் மட்டும் அன்றும் ஊர்மொழியில்தான். எந்தச் சபைத் துறவியானாலும் ஊர்மொழி தெரியாமல் போதிக்க இயலாது. பிழைக்க வந்த ஊரில் மலையாளம் கற்ற நம்மவர்க்கு அந்தச் சிரமம் புரியும்.