இன்ஜினுக்குச் சுமைகூலி எவ்வளவு? நெமிலிக்குக் கொண்டுவரும் செலவைக் குறைக்கும் வழிகள்

ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி வட்டாரத்தில் ஒரு குட்டியானையின் (டாடா ஏஸ் சரக்கு வண்டியின்) இன்ஜின் சீஸ் ஆகிவிட்டால், உரிமையாளர் இரண்டு கணக்குகளைப் போட்டாக வேண்டும். முதலாவது மெக்கானிக் சொல்லும் கணக்கு: இருக்கும் இன்ஜினைப் பிரித்து போரிங் போட்டுக் கட்டுவதா, ஓடிய நல்ல இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றுவதா? இரண்டாவது ஃபைனான்ஸ் கணக்கு: வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் மாதத் தவணை தேதி தவறாமல் வந்துவிடும்.

வேறு இன்ஜின் என்று முடிவானால் மூன்றாவதாக ஒரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. அந்த இன்ஜினை ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது? 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழி இங்கே அப்படியே பலித்துவிடுவதுண்டு. பேரம் பேசி இன்ஜின் விலையில் குறைத்த தொகை முழுவதும் வண்டி வாடகையாகவும் ஏற்றுக்கூலியாகவும் கரைந்துவிடும். முன்கூட்டியே திட்டமிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

எங்கிருந்து வருகின்றன இந்த இன்ஜின்கள்?

வட தமிழகத்தின் பெரும்பாலான மெக்கானிக்குகள் முதலில் சொல்லும் பெயர் சென்னை புதுப்பேட்டை. கழித்த வாகனங்களைப் பிரித்து உதிரிபாகங்களாக விற்கும் கடைகள் தெருத்தெருவாக அங்கே இருக்கின்றன. கோவை உக்கடம், டெல்லி மாயாபுரி போன்ற இடங்களிலும் இந்த வியாபாரம் பெரிய அளவில் நடக்கிறது.

தேவைப்படுபவை பெரும்பாலும் சிறிய இன்ஜின்கள்தாம். 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதில் இருந்தது 702 சிசி கொள்ளளவு கொண்ட இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜின். மாருதி 800, ஆம்னி வண்டிகளில் இருந்தது 796 சிசி, மூன்று சிலிண்டர். கொள்ளளவில் சிறியவை என்றாலும் ஒரே ஆள் தூக்கிவிடக்கூடியவை அல்ல. கூரியருக்கு அதிக எடை, தனி லாரிக்கு மிகக் குறைந்த சரக்கு என்ற இடைநிலையில் இருப்பதுதான் இவற்றை அனுப்புவதில் உள்ள சிக்கல்.

செலவு எங்கே கூடுகிறது?

பலரும் தூரத்தைப் பார்த்துத்தான் செலவை மதிப்பிடுகிறார்கள். ஆனால் பார்சல் லாரியில் ஒரு பொதி நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் போவதால் ஏறும் செலவு குறைவு. அந்த லாரி எப்படியும் அந்த ஊருக்குப் போகத்தான் போகிறது. கையைக் கடிப்பது இரண்டு முனைகள். கடையிலிருந்து பார்சல் ஆபீசுக்குப் போகும் வண்டி, அங்கே ஏற்றுக்கூலி, இறங்கும் குடோனில் இறக்குக்கூலி, குடோனிலிருந்து பட்டறைக்கு இன்னொரு வண்டி. இந்த நான்கையும் கூட்டினால் பல நேரம் லாரி வாடகையையே மிஞ்சிவிடும். சிக்கனமாக இன்ஜின் அனுப்ப நினைப்பவர் குறைக்க வேண்டியது இந்த முனைச் செலவுகளைத்தான்.

நான்கு வழிகள்

முதல் வழி, திரும்பும் வண்டி. தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக்கும் சென்னை பெரியமேட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு உண்டு. தோல் வணிகத்தின் சென்னை முகவரி பெரியமேடுதான். புதுப்பேட்டை அங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பும் வண்டிகளில் இடம் காலியாக இருக்கும். கோயம்பேட்டுக்குக் காய்கறி கொண்டுபோகும் வண்டிகளும் இப்படித்தான். ரிட்டர்ன் லோடு என்றால் ஓட்டுநர் டீசல் காசு வந்தால் போதும் என்ற கணக்கில்தான் பேசுவார். கடை வாசலில் ஏற்றிப் பட்டறை வாசலில் இறக்கலாம் என்பதால் இரண்டு முனைச் செலவும் ஒரே வாடகையில் அடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து நெமிலிக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

இரண்டாவது, பார்சல் லாரி. கோவை, பெங்களூரு போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வரவழைக்க இதுவே பொருத்தம். இதில் டோர் டெலிவரி கேட்டால் செலவு ஏறும். குடோன் டெலிவரி எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த வண்டியில் கொண்டுவந்தால் குறையும். நெமிலியிலிருந்து பனப்பாக்கம் வழியாக ஓச்சேரி போனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வந்துவிடும். அந்தச் சாலையில் எந்த ஊர்க் கிளையில் குடோன் இருக்கிறது என்று கேட்டு, அந்தக் கிளையின் பெயருக்கே புக் செய்வது நல்லது.

மூன்றாவது, ரயில் பார்சல். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அந்தப் பாதையில்தான் நெமிலிக்குப் பக்கத்து ஜங்ஷனான அரக்கோணம் இருக்கிறது. கோவை, பெங்களூரு, மும்பை வழித்தட வண்டிகள் இதன் வழியாகப் போகின்றன. ஆனால் ஒரு வண்டி நின்றுவிட்டுப் போவதால் மட்டும் அதில் பொதி இறக்கிவிட முடியாது. போதிய நேரம் நிற்கும் வண்டியா, அரக்கோணத்துக்கு அந்த வண்டியில் பார்சல் ஏற்றுகிறார்களா என்று அனுப்பும் ஊர் பார்சல் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட வேண்டும். பொதி வந்து சேர்ந்ததும் இலவசமாக வைத்திருக்கும் நேரம் சில மணிகளே. அதற்குப் பிறகு வார்ஃபேஜ் எனும் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். அதனால் எடுக்கும் வண்டியை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, முழு இன்ஜினையும் அனுப்பாமல் இருப்பது. பழுது ஹெட்டில் மட்டும் என்றால் ஹெட்டை மட்டும் வரவழைக்கலாம். ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோ வரை அனுப்ப முடியும். மெக்கானிக்கிடம் 'எது கெட்டிருக்கிறது?' என்று தீர விசாரித்த பிறகே முழு இன்ஜினுக்குப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

தவிர்க்க வேண்டிய வழி ஒன்றும் உண்டு. பயணிகள் பேருந்தின் அடிப்பெட்டியில் இன்ஜினைத் திணித்து அனுப்பக் கூடாது. உள்ளே தங்கிய எரிபொருளும் ஆயிலும் மேலே தூங்கும் பயணிகளின் உயிரோடு விளையாடும்.

பெட்டி பெரிதானால் கட்டணமும் பெரிதாகும்

கூரியர், எக்ஸ்பிரஸ் பார்சல் நிறுவனங்கள் பொதியின் உண்மை எடையையும் பருமன் எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான முறை. வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 80 கிலோ இன்ஜின் ஒன்று 60, 55, 60 செ.மீ. அளவில் அடங்கினால் பருமன் எடை சுமார் 40 கிலோதான். கட்டணம் 80 கிலோவுக்கே. அதையே 90, 80, 80 செ.மீ. பெட்டியில் போட்டால் பருமன் எடை 115 கிலோ ஆகிவிடும். 35 கிலோ காற்றுக்கு நாம் காசு கொடுக்கிறோம். இன்ஜினை ஒட்டிய சட்டம் போதும். பெரிய பெட்டி வேண்டாம்.

எப்படிக் கட்ட வேண்டும்?

இன்ஜினை அப்படியே தரையில் வைத்தால் பாரம் முழுவதும் அடியிலுள்ள ஆயில் சம்ப் மேல் இறங்கும். பல வண்டிகளில் சம்ப் வெறும் தகடு. லாரி ஒரு பள்ளத்தில் குதித்தால் தகடு உள்வாங்கி, உள்ளே ஆயில் உறிஞ்சும் வாயை நெருக்கும். வண்டியில் பூட்டிய பிறகு ஆயில் சரியாக ஏறாது. பேரிங் தேய்ந்து, வாங்கிய இன்ஜினும் சீஸ் ஆகும். வெளியே தெரிவது சின்ன நசுங்கல்தான் என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

மரச்சட்டத்தில் இன்ஜின் மவுண்ட் துளைகள் வழியாகப் போல்ட் போட்டு, சம்ப் அந்தரத்தில் இருக்கும்படி முடுக்குவதே சரியான முறை. குறைந்த தூரத்துக்கு, செலவில்லாத வழியாகப் பட்டறைக்காரர்கள் பழைய கார் டயரைக் கீழே போடுவார்கள். சம்ப் டயரின் நடுக்குழியில் தொங்க, பாரத்தை டயர் தாங்கிக்கொள்ளும். சட்டத்தின் அடியில் இரண்டு கட்டைகள் அடித்தால் கயிறோ கடப்பாரையோ நுழைய இடம் கிடைக்கும். கூலியாட்கள் இரண்டு பேரே நகர்த்திவிடலாம். முனைச் செலவு அங்கேயே குறையும்.

கட்டுவதற்கு முன் ஆயில், கூலன்ட், டீசல் எல்லாவற்றையும் சொட்டில்லாமல் வடித்துவிட வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட், பிளக் துளைகளை ரப்பர் மூடியாலோ டேப்பாலோ அடைக்க வேண்டும். துணியைத் திணித்தால் பூட்டும்போது மறந்துபோகும் ஆபத்து உண்டு. ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர், சென்சார் போன்ற உடையும் பொருள்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். கிராங்க்கை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்காமல் எந்த இன்ஜினையும் ஏற்ற விடக் கூடாது. திருப்பி அனுப்ப நேர்ந்தால் போக்குவரத்துச் செலவு இரட்டிப்பாகும்.

உடைந்தால் எவ்வளவு கிடைக்கும்?

சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007இன் கீழ் உள்ள விதிகளின்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத பொதிக்குப் பார்சல் நிறுவனத்தின் பொறுப்பு, நாம் கொடுத்த வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,000 ரூபாய் இன்ஜினுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய்தான். ரயிலில் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் செலுத்தாத பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய். 80 கிலோ இன்ஜினுக்கு 4,000 ரூபாய். எனவே புக் செய்யும்போதே உண்மை மதிப்பை எழுதச் சொல்லி, கூடுதல் கட்டணத்தையும் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். சேதம் என்றால், லாரிக்குப் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள்ளும், ரயிலுக்கு ஆறு மாதத்துக்குள்ளும் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல் நிற்காது. எல்.ஆர். (லாரி ரசீது) நகல், இறக்கும்போதே எடுத்த படங்கள் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

எந்தக் காகிதங்கள் தேவை?

இன்ஜின் எண் எழுதிய பில், இன்ஜின் கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகல், எண்ணின் பென்சில் பிரிண்ட் ஆகிய மூன்றும் இல்லாமல் இன்ஜின் வாங்கவே கூடாது. திருட்டு வண்டியின் இன்ஜின் என்றால் பொருளும் போகும், வழக்கும் வரும். மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் தேவை. பழைய சிறு இன்ஜின்கள் பெரும்பாலும் இதற்குள் வராது என்றாலும் பில் இருந்தே ஆக வேண்டும். இன்ஜின் மாற்றிய 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. பதியாமல் விட்டால் எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்று) இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரும்.

சேர்ந்து செய்தால்

நெமிலி வட்டத்திலேயே, பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் – ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்படிப்பட்ட ஆலைக்குள் இன்ஜின்களை நகர்த்த கிரேனும் ஃபோர்க்லிஃப்ட்டும் இருக்கும். அதே சாலையில் ஒற்றைக் குட்டியானையை நம்பிப் பிழைப்பவருக்கும் ஓரளவு வசதி வேண்டும். அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு செயின் பிளாக், நான்கு மரச்சட்டங்கள் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு இன்ஜின் தேவைப்படும்போது ஒரே ரிட்டர்ன் வண்டியில் கொண்டுவந்தால் வாடகை பாதியாகிவிடும். கழற்றிய பழைய இன்ஜின்களைச் சென்னைக்குப் போகும் வண்டியில் ஏற்றி எக்ஸ்சேஞ்ச்சில் கொடுத்தால் போகும் பயணத்துக்கும் வருமானம் உண்டு. சுமைகூலி மிச்சமாவதோடு, வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களும் குறையும். தவணை கட்டும் உரிமையாளருக்கு இரண்டாவது லாபம்தான் பெரியது.