கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை!

மாணவர்களே, சீட்டின் முதுகு நிறம் மாறும் வித்தை மாயவித்தைக்காரர்களிடையே பழையது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 2007இல் அதைக் காணொளியில் புதுப்பித்தார். தோழி எடுத்த சீட்டு நீலமாகவே இருக்க, மற்றவை சிவப்பாகின்றன. அதற்குள் இருவரின் சட்டைகள், மேசை விரிப்பு, பின்திரை ஆகிய நான்கும் நிறம் மாறிவிடுகின்றன! பலர் கவனிப்பதே இல்லை.

ஏன்? கேமரா சீட்டை நெருங்கும்போது மற்றவை திரைக்கு வெளியே போய்விடுகின்றன. அப்போதுதான் மாற்றம் நடக்கிறது. நாம் கவனம் செலுத்தாததை மூளை முன்பின் ஒப்பிடுவதில்லை. இதுவே ‘மாற்றக் குருட்டுத்தன்மை’.

கேரி தீவுச் சாலையில், சற்றுமுன் இல்லாத செம்பனை லாரி இப்போது வருவதும் மாற்றம்தான். கைப்பேசியில் கவனம் இருந்தால் அதுவும் தப்பிவிடும்.

சோதித்துப் பாருங்கள்: மேசையில் பத்துப் பொருள்களை வையுங்கள். நண்பர் கண்ணை மூடியதும் ஒன்றை மாற்றுங்கள். கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகிறது?